சிவப்பு மையில் அடித்த இரண்டு வரிகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் தொடங்கி ஐப்பசிக்குள் முடிந்துபோன விஷயம் இது. இடம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. நான் அங்கே தமிழாசிரியை. இன்னமும் அங்கேதான் இருக்கிறேன். இதில் யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. என் பெயரைச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்குப் பழந்தமிழ்ப் பாட்டு என்றால் பைத்தியம். பாடப்புத்தகத்தில் வரும் நாலைந்து பாட்டை மனப்பாடம் செய்யவைத்து, மதிப்பெண் வாங்கவைத்து அனுப்புவதில் எனக்குத் திருப்தியே வந்ததில்லை. அதனால் வெள்ளிக்கிழமை மாலை, பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் 'பழந்தமிழ் மன்றம்' என்று ஒன்றை ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை, நானாக ஆரம்பித்ததுதான். தலைமையாசிரியர் சிரித்தார். "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஒதவாது மேடம். புள்ளைங்க ஐடிஐ படிச்சா கம்பெனிலயாவது சேரும்" என்றார். எனக்கு முன்கோபம் அதிகம். "சுரைக்காயைக் கண்ணால் பார்த்தவர்கள் பேசட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை.

முதலில் வந்தவர்கள் பதினோரு பேர். பாதிப் பேர் நான் வாங்கிவைக்கும் பிஸ்கெட்டுக்காக வந்தார்கள் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மலையும் மலை சார்ந்த இடமும், கடலும் கடல் சார்ந்த இடமும் என்று ஐந்து நிலங்களையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, நம் ஊர் எந்த நிலம் என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "கம்பெனியும் கம்பெனி சார்ந்த இடமும் மிஸ்" என்றாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது. அப்படி நல்ல நாட்களும் அந்த மன்றத்தில் இருந்தன.

அந்தப் பெண் மன்றத்துக்கு வந்தது நாலாவது வாரத்திலோ ஐந்தாவது வாரத்திலோ. பதினோராம் வகுப்பு. என் வகுப்புப் பெண்தான் என்றாலும் அதுவரை அவள் குரலை நான் கேட்டதாக நினைவில்லை. மெலிந்த உடம்பு, நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய சடை. அப்பா இரும்பு ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. அந்த வருடம் கோடையில் அவர் வலது கை வெந்துபோய் வீட்டோடு இருந்தார். அம்மா காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பிறகு தெரிந்துகொண்டதுதான்.

பழைய காதல் பாட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. அதில் வரும் யாருக்கும் பெயர் கிடையாது. தலைவி, தலைவன், தோழி, வளர்த்த தாய், அவ்வளவுதான். யாராவது ஒருவர் இன்னொருவரிடம் பேசுவதாகத்தான் பாட்டு இருக்கும். தலைவி தன் சங்கடத்தைத் தன் வாயால் வீட்டில் சொல்லமாட்டாள். வீட்டில் வேறு இடத்தில் கல்யாணம் பேசிவிட்டார்கள் என்றால், தோழிதான் துணிந்து போய் வளர்த்த தாயிடம் உண்மையைப் போட்டு உடைப்பாள். அந்தத் தாய் வீட்டில் சொல்வாள், கல்யாணம் நிற்கும். ஒரு சொல் ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிடும். இதை நான் எவ்வளவு உருகிச் சொல்வேன் தெரியுமா? சொல்லும்போது எனக்கே கண் கலங்கும். அந்த மாதிரி கண் கலங்குவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக வாய் திறந்தாள். "மிஸ், தலைவிக்குத் தோழியே இல்லன்னா?"

நான் யோசிக்கவே இல்லை. "தோழி இல்லாத தலைவி கிடையாது. இல்லையென்றால் பாட்டே கிடையாது" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள் என்றுதான் ஞாபகம்.

காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் பெற்றோர் கூட்டம் வந்தது. மன்றத்துக்கென்று வராந்தாவில் ஒரு சுவரைக் கேட்டு வாங்கியிருந்தேன். ஆளுக்கொரு பாட்டு எழுதுங்கள், பழைய முறைப்படி யாராவது யாரிடமாவது பேசுவதாக இருக்க வேண்டும், நல்லதையெல்லாம் சுவரில் ஒட்டுவோம், சிறந்ததைக் காலைக் கூட்டத்தில் நானே படிப்பேன் என்று சொன்னேன். பெரும்பாலானவர்கள் நிலா, மழை, அம்மா என்று எழுதி வந்தார்கள். ஒருவன் கிரிக்கெட் மட்டையைத் தலைவியாக வைத்து எழுதியிருந்தான். அவள் மட்டும் இப்படி எழுதியிருந்தாள். மேலே 'தோழி, தாயிடம் சொன்னது' என்று தலைப்பு.

அன்னாய், கேள்.
கம்பெனிப் புகை படிந்த வேம்பு
மழைக்கு நிற்பதுபோல் நிற்கிறாள் உன் மகள்.
புத்தகம் இருந்த பையில்
வளையல் வைத்துவிட்டார்கள்.
பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை
பொதட்டூர்பேட்டைக்குப் போகிறாள்.
நீ ஒரு வார்த்தை சொன்னால் நிற்கும்.

படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 'புகை படிந்த வேம்பு' என்ற இடத்தில் இரண்டு கோடு போட்டு, ஓரத்தில் 'அருமை' என்று எழுதினேன். ஆறாவது வரிக்கு வந்ததும் முகம் சுளித்தேன். இவ்வளவு அழகாகப் போய்க்கொண்டிருந்த பாட்டில் பஸ் டிக்கெட் மாதிரி நாளும் ஊரும் எதற்கு? சிவப்புப் பேனாவால் அந்த இரண்டு வரிகளையும் அடித்தேன். அடித்துவிட்டு மேலே என் கையெழுத்தில், 'கார்காலம் முடியுமுன் அயலார் ஊர் சேர்வாள்' என்று எழுதினேன். எழுதியதைத் தள்ளிவைத்துப் பார்த்து ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் நகராமல் என் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"மிஸ், ஊர எடுத்துட்டா எப்டி மிஸ் தெரியும்?"

"தெரியக் கூடாது, அதுதான் அழகு. யாருடைய கதை என்று தெரியாமல் இருந்தால்தான் எல்லோருடைய கதையாகவும் ஆகும்."

"ஞாயித்துக்கெழமைய மட்டுமாச்சும் உட்டுடலாமா மிஸ்?"

"பழைய பாட்டில் ஞாயிற்றுக்கிழமை வருமா? நீயே சொல்."

அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மணி ஐந்து தாண்டியிருந்தது. எனக்குச் சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டும். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். அவள் "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமையே சார்ட் பேப்பரில் என் வரியோடு சுத்தமாக எழுதிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

காலைக் கூட்டத்தில் அதைத்தான் படித்தேன். ஏற்ற இறக்கத்தோடு, ஒலிபெருக்கியில், ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கு முன்னால். கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். பலத்த கைதட்டல். என்னோடு பேசாமல் இருந்த தலைமையாசிரியரே வந்து, "இன்னா கற்பனை மேடம் இந்தப் பொண்ணுக்கு!" என்றார். அவளை மேடைக்குக் கூப்பிட்டு ஓர் அகராதியைப் பரிசாகக் கொடுத்தேன். வாங்கும்போது அவள் கை சில்லென்று இருந்தது. மேடைக்கு வந்த பயம் என்று நினைத்தேன். பெற்றோர் கூட்டத்தன்று சுவரின் நடுவில் அந்தப் பாட்டுதான் இருந்தது. நிறையப் பேர் நின்று படித்தார்கள். அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

தேர்வு முடிந்தது, விடுமுறை முடிந்தது, பள்ளி திறந்தது. அவள் வரவில்லை. முதல் நாள் காய்ச்சல் என்று நினைத்தேன். நாலாவது நாள் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, அவள் தெருவிலிருந்து வரும் பெண்ணைக் கேட்டேன். அந்தப் பெண் குனிந்துகொண்டு, "அவளுக்குக் கல்யாணம் ஆயிச்சி மிஸ். அவங்க அத்த புள்ளக்கே குட்துட்டாங்க" என்றாள்.

"எங்கே?"

"பொதட்டூர்பேட்டைல மிஸ். பரீட்ச முட்ஞ்ச ஞாயித்துக்கெழம."

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். என் கையில் சாக்பீஸ் இருந்தது. பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, வராந்தாவுக்குப் போய் அந்தச் சுவரைப் பார்த்தேன். சார்ட் பேப்பரில் ஊரும் இல்லை, நாளும் இல்லை. 'கார்காலம் முடியுமுன்' என்று என் வரிதான் அழகாக இருந்தது. அவள் எழுதியதிலேயே பயன்படக்கூடிய வரிகள் அந்த இரண்டுதான். தேடித் தேடி அவற்றை மட்டும் அடித்திருக்கிறேன். இதில் இன்னொரு கேவலம். பழைய பாட்டில் ஆட்களின் பெயர்தான் வரக்கூடாதே தவிர, ஊர்ப் பெயர் வரக்கூடாது என்று விதியே இல்லை. எத்தனையோ ஊர்கள் வரும். எனக்கு அது நன்றாகத் தெரியும். என் காதுக்குப் பொதட்டூர்பேட்டை என்பது பாட்டில் நிற்கிற ஊராகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். ஆலைச் சுவரை ஒட்டி வரிசையாக இருக்கும் தகரக்கூரை வீடுகளில் ஒன்று. அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெந்த கையில் தோல் சுருங்கி விரல்கள் மடங்கியே இருந்தன. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். நான் சண்டை போடத்தான் போயிருந்தேன். பதினாறு வயசுப் பெண்ணை எப்படிக் கட்டிக் கொடுத்தீர்கள், இது குற்றம் என்று தெரியுமா என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவள் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்போ வந்துகினு கேக்குறீங்களே டீச்சரம்மா. காலைல ஆறு மணிக்கு நான் வேன் ஏறுனா பொழுது சாஞ்சிதான் வரேன். இவரு கைய வச்சிகினு குந்தினு கீறாரு. சுத்தியும் வெளியூரு ஆம்பளைங்க ரூமு எட்த்துத் தங்கிகினு கீறாங்கோ. வயசுப் பொண்ண யாரு பாத்துப்பா? நீங்க பாத்துப்பீங்களா?" என்று கேட்டாள். பிறகு குரல் உடைந்துபோய், "உங்ககிட்ட சொல்லிக்கீறேன்னு சொன்னா டீச்சரம்மா. மிஸ் வந்து பேசுவாங்க பாருன்னு சொல்லிகினே இருந்தா. நானும் பயந்துகினுதான் இருந்தேன், நீங்க வருவீங்கன்னு. வந்திருந்தா அவ நைனாவும் அத்த ஊட்ல பேசி நிறுத்தியிருப்பாரு. நீங்க கைதட்டி புக்கு குட்து அனுப்பிச்சிட்டீங்க" என்றாள்.

என்னால் அந்த வீட்டில் நிற்க முடியவில்லை. கட்டிலுக்குக் கீழே அந்த அகராதி பிளாஸ்டிக் உறையோடு அப்படியே கிடந்தது.

குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கு அன்றைக்கே போன் செய்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதிகாரிகள் நல்லவர்கள்தான், உடனே போனார்கள். விசாரணைக்கு அவளைத் திருவள்ளூருக்கு அழைத்து வந்தார்கள். பள்ளிப் பதிவேட்டோடு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அலுவலக வராந்தாவில் ஒரு மர பெஞ்ச். அதில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய புடவை. என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று, "குட் மார்னிங் மிஸ்" என்றாள். அந்த வணக்கத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். ஆனால் என் வாயில் வந்தது வேறு. "உன் அம்மாவுக்குத்தானே அந்தப் பாட்டை எழுதினாய்? என்னிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அப்போதும் பாருங்கள், குற்றத்தை அவள் பக்கம் தள்ளத்தான் என் புத்தி போனது.

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "அம்மாவுக்கு எதுக்கு மிஸ் எழுதணும்? அதுக்குத்தான் எல்லாம் தெரியுமே. உங்களுக்குத்தான் எழுதினேன். வளத்த அம்மாகிட்ட சொன்னா நிக்கும்னு நீங்கதான சொன்னீங்க. எனக்குத் தோழி யாரும் இல்ல, அதான் நானே தோழி மாதிரி சொன்னேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. சுற்றிலும் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் அவசரமாகப் பேசினாள். "உள்ள கூப்டா, இஷ்டப்பட்டுத்தான் கட்டிக்கினேன்னு சொல்லப் போறேன் மிஸ். நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. அப்போ நீங்க ஒரு வார்த்த சொன்னா நின்னுருக்கும். இப்போ நான் ஒரு வார்த்த சொன்னா நைனாவ உள்ள வச்சிடுவாங்க. அந்தக் கையோட அவரு ஜெயில்ல இன்னா பண்ணுவாரு?" பிறகு இன்னொன்றும் சொன்னாள். "செவுத்துல கீறத எட்துடுங்க மிஸ். ஊட்ல யாருனா பாத்தா பேஜாரு."

உள்ளே கூப்பிட்டார்கள். போனாள். சொன்னபடியே சொன்னாள். அவள் என்ன சொன்னாலும் பதிவேட்டில் வயது பதினாறுதான் என்பதால் வழக்குப் பதிந்தார்கள். அப்பாவை அந்தக் கையைப் பார்த்து ஜாமீனில் விட்டார்கள். அவளைக் கொஞ்ச நாள் காப்பகத்தில் வைத்திருந்தார்கள். பிறகு அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா காலை ஆறு மணிக்கு வேன் ஏறியாக வேண்டும். நிலைமை ஒன்றும் மாறிவிடவில்லையே. ஒரு மாதத்துக்குள் சத்தமில்லாமல் அவள் மறுபடி பொதட்டூர்பேட்டைக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். பள்ளிக்கு அவள் திரும்பவே இல்லை. அவளோடு படித்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போய்விட்டார்கள். கம்பெனிச் சீருடையில் சிலரை ரயில் நிலையத்தில் பார்க்கிறேன். அந்தச் சீருடைகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

சுவரிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். கிழிக்க மனம் வராமல் பீரோவில் வைத்திருக்கிறேன். மன்றத்தை இரண்டு வருடம் மூடிவைத்தேன். இந்த வருடம் பிள்ளைகளே வந்து கேட்டதால் திறந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நடத்தவும் தைரியம் இல்லை. யாராவது எழுதிக்கொண்டு வந்தால் பேனாவைத் தொடுவதில்லை. "இது யார்? உனக்குத் தெரிந்தவர்களா? எந்த ஊர்? என்றைக்கு?" என்று போலீஸ்காரி மாதிரி கேட்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "சும்மா கற்பன மிஸ்" என்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கிணற்றுக்குள் விழுந்த குருவி என்று எழுதி வந்தாள். கேட்டேன். சும்மா என்றாள். மறுபடி கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். உண்மையிலேயே அது வெறும் குருவிதானா, அல்லது என் கேள்வியிலேயே பயந்துபோய் அவள் வாயை மூடிக்கொண்டாளா? எனக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் பாட்டுக்குப் பொருள் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். ஒரு குழந்தை நீட்டும் தாளை வாங்கும்போதெல்லாம், இதையும் எனக்குப் படிக்கத் தெரியாமல் போய்விடுமோ என்று இப்போது பயமாக இருக்கிறது.